உண்பதும் உழைப்பதும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

முன்னுரை

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. திருவள்ளுவரும் திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்து, முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து அளவோடு உண்பவனுக்கு வேறு மருந்து தேவையில்லை என்ற கருத்தை விளக்கியுள்ளார். உணவு கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் சொல்லப்பட்ட இந்த அறிவுரை, கடைக்குக் கடை பலகாரம் தொங்கும் இந்தக் காலத்தில் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையுடன் இருப்பது தெரிய வந்தது. ஆண்களில் நூற்றுக்கு 37 பேர். அதே கணக்கெடுப்பில், நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதும் தெரிந்தது. உடம்பு பெருத்திருக்கிறது, ஆனால் இரத்தம் இல்லை! இது எவ்வளவு வியப்பான, வருத்தமான செய்தி!

எடையைக் குறைப்பது எப்படி என்று பேசாத வீடு இன்று இல்லை. "சாப்பாட்டை நிறுத்து, தானாக இளைக்கும்" என்பார் ஒருவர். "நன்றாகச் சாப்பிடு, ஆனால் நட" என்பார் மற்றொருவர். இவற்றுள் எது சரி? நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைத் தோழியருடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உணவு என்னும் எரிபொருள்

சூளைக்கு எரிபொருள் எப்படியோ அப்படியே உடலுக்கு உணவு. பிரெஞ்சு நாட்டு அறிவியலறிஞர் லவாய்சியர் 1780-களில் ஒரு சோதனை செய்தார். கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்து, அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார். அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்தார். மூச்சு விடுதலும் மெதுவாக நடக்கும் ஓர் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார். சுவாசித்தல் பற்றிப் பாடத்தில் படிக்கும்போது இதை நாம் நினைவில் கொள்ளலாம்.

இந்த எரிசக்தியைக் கலோரி என்னும் அளவால் குறிக்கிறோம். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு கிலோ கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது நாம் 'கலோரி' என்று சுருக்கிச் சொல்வது இந்தக் கிலோ கலோரியையே. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பிலோ 9 கலோரி உண்டு. இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் சமையலறையில் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

உண்ட உணவு செலவானது போக மிஞ்சினால் உடல் அதைக் கொழுப்பாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். ஆகவே ஒரே வாரத்தில் பத்துக் கிலோ குறைப்போம் என்று வரும் விளம்பரங்களை நம்புவது அறிவுடைமை ஆகாது.

ஒரே பானை, வேறு வேறு பசி

நம் ஊர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இங்கே மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, காய வைத்து, சூளையில் அடுக்கி, பின் இறக்கி வைக்கும் தொழிலாளர்களைத் தினமும் காண்கிறோம். அவர்கள் உடம்பில் தொந்தியைக் காண்பது அரிது. அதே வீட்டில் தையல் எந்திரத்தின் முன்போ கடைக் கல்லாவிலோ நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவரும் இருப்பார். இரவில் இருவருக்கும் ஒரே பானையிலிருந்து ஒரே அளவு சோறு பரிமாறப்படுகிறது. இதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. இது 1918-இல் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவரால் ஒரு சிறு ஆய்வுக் கூடமாகத் தொடங்கப்பட்டது என்பது நமக்குப் பெருமை. இந்நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் உட்கார்ந்த வேலை செய்தால் நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும். நடுத்தர உழைப்பு என்றால் 2,130. கடின உழைப்பு என்றால் 2,720. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இவை முறையே 2,110, 2,710, 3,470. உட்கார்ந்திருப்பவளைவிடக் கடினமாக உழைப்பவளுக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் கூடுதலாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

நம் பாட்டிமார் ஆட்டுக்கல்லில் மாவரைத்தார்கள். உரலில் நெல் குத்தினார்கள். கிணற்றில் நீர் இறைத்தார்கள். வயலில் களை பறித்தார்கள். வயிறார உண்டார்கள், உண்டது செலவாயிற்று. இன்று கிரைண்டர், மிக்சி, மோட்டார், இருசக்கர வண்டி எல்லாம் வந்துவிட்டன. உழைப்பு பாதியாகக் குறைந்தது. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. எண்ணெயும் சர்க்கரையும் கூடிவிட்டன.

காப்பிச் சர்க்கரையும் அரைமணி நடையும்

"காலையில் நடந்தேனே, இரண்டு வடை கூடத் தின்றால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. இதற்குக் கணக்கே விடை சொல்லட்டும்.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம்; அதாவது 20 கலோரி. ஒரு நாளைக்கு மூன்று முறை காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 6 கரண்டி. ஆக 120 கலோரி.

இனி நடையைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 120 கலோரி. "இரண்டும் சரியாகிவிட்டதே" என்று நினைக்கலாம். ஆனால் அந்த அரைமணி நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுமார் 35 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் நடையினால் கூடுதலாகச் செலவானது 85 கலோரிதான். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் வேர்க்க வேர்க்க நடந்தும் காப்பியில் போட்ட சர்க்கரையைக்கூட முழுவதும் கரைக்க முடியவில்லை!

எனவே எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கே உரியது என்பது தெளிவாகிறது. அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு? அதற்கும் விடை உண்டு.

பட்டினி ஏன் கூடாது?

இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஐரோப்பாவில் பட்டினியால் வாடிய மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945 ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஆன்சல் கீஸ் என்பவர் அதை நடத்தினார். நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் பாதியளவே கொடுக்கப்பட்டது. வாரம் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர், நடக்கவும் வேண்டும்.

அவர்கள் எடையில் கால்பங்கு குறைந்தது உண்மைதான். ஆனால் கொழுப்போடு தசையும் கரைந்தது. நாடித் துடிப்பு மந்தமாயிற்று. எப்போதும் குளிர் எடுத்தது. படிகளில் ஏறவே தளர்ந்தனர். சிடுசிடுப்பும் சோர்வும் வந்தன. நாள் முழுதும் சாப்பாட்டு நினைவுதான். சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினர். வருமானம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்கிக்கொள்வது போல, அவர்களுடைய உடலும் எரிசக்திச் செலவை மிகவும் சுருக்கிக்கொண்டது. மீண்டும் தாராளமாக உணவு கிடைத்தபோது எவ்வளவு உண்டும் ஆசை அடங்கவில்லை. கொழுப்பு விரைவாகத் திரும்பி வந்தது.

பட்டினியால் இளைப்பவர் பின்னர் முன்னிலும் பருத்துப்போவதை நாமும் அக்கம்பக்கத்தில் பார்க்கிறோம். அதன் காரணம் இந்த ஆய்வில் விளங்குகிறது.

உடற்பயிற்சியின் பயன் இங்கேதான் தெரிகிறது. போதிய புரதம் உண்டு, உடலுக்கு வேலையும் கொடுத்தால் தசை பெரும்பாலும் காக்கப்படும். குறைவது கொழுப்பாக இருக்கும். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. குறைந்த எடை மீண்டும் ஏறாமல் நிற்பதற்கும் நாள்தோறும் செய்யும் பயிற்சியே துணை. உணவு எடையைக் குறைக்கிறது. உழைப்பு உடலைக் காக்கிறது. ஒன்றை விட்டு ஒன்று போதாது.

சென்னையில் நடந்த ஆய்வு

நம் மாநிலத் தலைநகரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. மருத்துவர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சென்னையில் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் வரும் நிலையில் இருக்கிறது என்று கண்டறியப்பட்ட 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினர் சர்க்கரை, மைதா, எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்து, நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டி, நாள்தோறும் குறைந்தது அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்கள் அதையே தொடர்ந்தனர்.

மூன்றாண்டு முடிவில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. இதில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த இரண்டாம் பிரிவினரின் எடை பெரிதாகக் குறையவில்லை. இருந்தும் நோய் தள்ளிப்போயிற்று! எடைக் கருவியின் முள் நகரவில்லையே என்று மனம் சோர்ந்து நடையை நிறுத்திவிடுபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். முள் காட்டாத நன்மையும் உடலுக்குள் நடக்கிறது.

2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு அது இருக்கிறது. எடையைப் பற்றிய பேச்சு அழகைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று என்பதை இதனால் உணரலாம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

என் பாட்டிக்கு நீரிழிவினால் காலில் புண் வந்து ஆறாமல், இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. சென்ற ஆண்டு என் தாயாருக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகவும், 70 கிலோ எடையைக் குறைக்க வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். பயந்துபோன அம்மா காலை உணவை அறவே விட்டார்கள். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் நடந்தார்கள். எட்டாம் நாள் அடுப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "எல்லாம் உங்களுக்காகத்தானடி" என்று அம்மா சொன்னபோது எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை.

பிறகு மருத்துவரிடம் மறுபடியும் கேட்டு, அவர் சொன்ன வழியில் ஒரு திட்டம் வகுத்துக்கொண்டோம். காப்பிக்கான 6 கரண்டிச் சர்க்கரையை 2 ஆக்கியதில் 80 கலோரி குறைந்தது. தாளிப்பதிலும் பொரிப்பதிலும் அம்மாவின் பங்குக்கு நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் குறைத்தோம்; அது 90 கலோரி. ஒரு நாளைக்கு 50 கிராம் அரிசி குறைந்தது. அது சுமார் 175 கலோரி. அந்த இடத்தைக் கீரையும் அவரைக்காயும் நிரப்பின. அரைமணி நடையில் கூடுதலாக 85. ஆக மொத்தம் 430 கலோரி. 7,700-ஐ 430-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18 நாளுக்கு ஒரு கிலோ குறைய வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பத்திரமான வேகம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கூறுகிறது. எங்கள் கணக்கு அதற்குள் அடங்கியது.

ஆறு மாதத்தில் பத்துக் கிலோ என்று தாளில் விடை வந்தது. கருவி காட்டியதோ ஐந்து கிலோ. ஏன்? தீபாவளிப் பலகாரமும் மழைக்காலத்தில் நின்றுபோன நடையும் ஒரு காரணம். எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைந்துவிடுவது மற்றொரு காரணம். கணிதம் வழிகாட்டும், ஆனால் உடல் கணக்குப் புத்தகம் அன்று. ஐந்து கிலோவே பெரிய நன்மை என்று மருத்துவர் மகிழ்ந்தார். சர்க்கரையும் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அம்மா இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள் என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

நம் ஊர் உணவே போதும்

எடை குறைக்கத் தனிப்பட்ட பொடியோ டப்பாவோ வேண்டுவதில்லை. நம் வட்டாரத்தில் விளையும் கம்பும் வரகும் நல்ல உணவு. தீட்டிய அரிசியைவிடக் கம்பில் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் அதிகம். ஆனால் 'சிறுதானியம்' என்ற பெயரைக் கேட்டு இருமடங்கு உண்டால் பயனில்லை. அதிலும் அரிசியைப் போலவே 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி உண்டு.

நாம் மல்லாட்டை என்று அழைக்கும் வேர்க்கடலை புரதம் மிகுந்தது. ஆயினும் அதில் பாதிக்குப் பாதி எண்ணெய். ஆதலால் ஒரு கைப்பிடி நல்லது. ஒரு படி ஆகாது. முந்திரிக்கும் இதே விதி. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். தட்டில் பாதி காயும் கீரையுமாக இருந்தால் வயிறும் நிறையும், கலோரியும் கூடாது.

வளரும் பெண்களுக்கு

தோழியரே, இந்தப் பகுதியை நீங்கள் தவறாமல் படிக்க வேண்டும். மேலே சொன்ன குறைப்புக் கணக்கு பெரியவர்களுக்கே உரியது. நமக்கு அது பொருந்தாது. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,400 கலோரி தேவை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணித்துள்ளது. உட்கார்ந்த வேலை செய்யும் தாய்க்குத் தேவையானதைவிட இது அதிகம்! நம் எலும்பு வளர்கிறது, இரத்தம் பெருகுகிறது, மூளை ஓயாது உழைக்கிறது. எலும்பின் வலிமையில் பெரும்பகுதி இந்த வயதில்தான் சேர்கிறது. இப்போது சேர்க்காததைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

ஆயினும் சிலர் கண்ணாடியையும் கைப்பேசியில் வரும் படங்களையும் பார்த்து, காலை உணவை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்கள். காலை வழிபாட்டில் மயங்கி விழுகிறார்கள். விளையாட்டுப் பயிற்சி செய்துகொண்டே பட்டினி கிடப்பது அதைவிடக் கேடு. உழைப்புக்கேற்ற உணவு இல்லையென்றால் மாதவிலக்கு தவறும், எலும்பு மெலியும், தலைமுடி உதிரும், பாடம் மனத்தில் நிற்காது. எடை கூடுதலாக உள்ள மாணவிகூட உணவை நிறுத்தக் கூடாது. பொரித்த தீனியையும் இனிப்புப் பானங்களையும் விட்டு, ஓடி ஆடி விளையாடி, எடையை ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் வளரும்போது அது தானே சரியாக வாய்ப்புண்டு. மேலும் தேவையானால் மருத்துவரே வழி சொல்ல வேண்டும்.

5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. கபடி, வளைபந்து, கயிறு தாண்டுதல், மிதிவண்டி என்று எதுவாகவும் இருக்கலாம். பத்தாம் வகுப்பு வந்தவுடன் விளையாட்டு வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் வழக்கத்தைப் பெரியோர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒருத்தியின் உடம்பைக் கேலி செய்து பட்டப்பெயர் வைப்பதையும் நாம் விட்டுவிட வேண்டும். கேலி ஒருவரையும் இளைக்க வைத்ததில்லை. ஒளிந்து தின்னவோ ஒளிந்து பட்டினி கிடக்கவோதான் வைத்திருக்கிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், எடை குறைய வேண்டிய பெரியவர்கள் உணவைச் சிறிது குறைத்து, நடையைச் சிறிது கூட்டி, பல மாதங்கள் பொறுமையாகத் தொடர வேண்டும் என்பதும், இரண்டையும் ஒரே நாளில் கடுமையாக்கினால் உடல் தாங்காது என்பதும் விளங்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளை உணவையும் விடக் கூடாது. வளரும் பிள்ளைகளோ நன்றாக உண்டு, நன்றாக விளையாட வேண்டும்.

பீங்கான் கலத்தை ஈரத்தோடு சூளையில் வைத்து அவசரமாக நெருப்பை ஏற்றினால் அது வெடித்துவிடும் என்பதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். மெல்லக் காய வைத்து, மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆற விட்ட கலமே ஒலிக்கும் உறுதியோடு வெளிவரும். உடலுக்கும் அந்தப் பக்குவம் வேண்டும். எனவே அளவோடு உண்போம், அன்றாடம் உழைப்போம், நம் வீட்டில் அடுப்படியில் நிற்பவர்களும் நேரத்துக்கு உண்டார்களா என்று இன்றிரவே கேட்போம்.